தர்மபுரியில் அப்பாவை வைத்துப் பார்க்க மாதம் எவ்வளவு ஆகும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அப்பாவுக்கு 76 வயது. இரண்டு மாதங்களுக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பாலக்கோட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் அம்மா ஒருவரே பார்த்துக்கொள்கிறார். உங்களுக்கு ஓசூரில் ஷிப்டு வேலை, தம்பி துபாயில். தர்மபுரியில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்துவிட்டால் மாதம் எவ்வளவு ஆகும், ஓசூர் அல்லது பெங்களூரு இதைவிட மேலா, நிலத்தை எழுதிக் கொடுத்தால் ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஓர் இல்லம் சொல்வதை நம்பலாமா என்று கேட்கிறீர்கள். நடுவே, "இரவில் அம்மாவால் முடியவில்லை" என்று போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கேள்வியாகத் தெரிகிறது. தொகையை முடிவு செய்யப்போவதும் அந்த இரவுதான்.

நான் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட அரசு மருத்துவமனைகளில் 29 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது தெரிந்த குடும்பங்களுக்கு, பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்கிறேன். படுக்கைப் புண்ணைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். விலைகளை அப்படிப் பேச மாட்டேன். கீழே வரும் தொகைகள் கடந்த ஓரிரு ஆண்டுகளில் குடும்பங்கள் கொடுத்ததாக என்னிடம் சொன்னவை, ஊருக்கு ஊர் மாறும். சட்டத்தில் எனக்குத் தெரிந்தது, வார்டில் நின்று பல குடும்பங்களின் சண்டையைப் பார்த்துக் கற்றது. பத்திரம் எழுதும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வெளிநாட்டில் இருக்கும் தம்பி நர்சிங் ஹோம் என்று சொல்லும்போது, வயதானவர்கள் மாதக் கணக்கில் தங்கிப் பராமரிக்கப்படும் இடத்தை நினைத்திருப்பார். நம் ஊரில் அந்தப் பலகை மாட்டியிருப்பது பத்து, இருபது படுக்கைகள் கொண்ட சிறிய தனியார் மருத்துவமனையில். அங்கே பிரசவம் பார்ப்பார்கள், குடலிறக்கம் அறுவை செய்வார்கள், காய்ச்சலுக்கு டிரிப் ஏற்றுவார்கள். கட்டணம் நாள் கணக்கில். அறை, நர்ஸ், டாக்டர் வருகை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 2,000 ரூபாய் என்று குறைவாகவே வைத்தாலும் மாதம் 60,000. அவ்வளவு கொடுத்தாலும் கூட ஓர் ஆள் இருக்க வேண்டும் என்பார்கள், அந்த ஆள் உங்கள் அம்மாதான். மருத்துவம் முடிந்து பராமரிப்பு மட்டும் தேவைப்படுபவரை அங்கே வைத்திருப்பதில் பயன் இல்லை.

அப்படியானால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பெரியவர்கள் பராமரிப்பில் விலை போவது மனிதக் கை, அதுவும் எத்தனை மணி நேரத்துக்கு என்பதுதான். என்னிடம் வரும் எல்லோரிடமும் நான் கேட்பது இவ்வளவுதான்: அவராகப் புரண்டு படுக்கிறாரா, பிடித்துக்கொண்டு எழுந்து கழிப்பறைக்குப் போகிறாரா, தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா, மலம் சிறுநீர் வருவது தெரிகிறதா, இரவில் எத்தனை முறை கூப்பிடுகிறார். அவராகப் புரண்டு படுப்பவருக்கும் படுக்காதவருக்கும் இடையே மாதம் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசம் உண்டு. புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். பகலில் யாராவது செய்துவிடுவார்கள். இரவு 12, 2, 4 மணிக்கு யார் எழுவது?

விலைக்குப் போகும் முன், உங்கள் அப்பா விஷயத்தில் அவசரமான ஒன்று இருக்கிறது. பக்கவாதத்துக்குப் பிறகு கை கால் திரும்புவது முதல் மூன்று மாதங்களில்தான் வேகமாக நடக்கும். ஆறு மாதம் வரை ஓரளவு நடக்கும், அதன் பிறகு மெதுவாகிவிடும். இரண்டு மாதம் போய்விட்டது. மீதி இருக்கும் நான்கு மாதத்தில் நீங்கள் இயன்முறை மருத்துவத்துக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் பின்னால் வரும் ஆண்டுகளின் செலவைக் குறைக்கும். பிடித்துக்கொண்டாவது நாற்காலிக்கு வந்துவிட்டார் என்றால், ஆள் செலவு பாதியாகிவிடும். ஃபிசியோ வீட்டுக்கு வர ஒரு முறைக்கு 400 ரூபாய் என்று வைத்தால் 26 நாளுக்கு 10,400. அதிகமாகத் தெரிந்தால் வாரம் மூன்று நாள் வரச் சொல்லி, மற்ற நாட்களுக்கான பயிற்சியை உங்கள் வீட்டு ஆள் ஒருவருக்குக் கற்றுத் தரச் சொல்லுங்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இது இலவசமாகவே கிடைக்கும். பாலக்கோட்டிலிருந்து வண்டி வைத்து அழைத்துப் போவதுதான் செலவு. ஃபிசியோவிடம் அப்பாவின் முதுகு, முழங்கால் முன்பே விறைப்பாக இருந்ததா என்று சொல்லிவிடுங்கள். நம் மாவட்டத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் செயல்பாட்டுக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முன்பு அறுபது ஆண்டுகள் ஊர்த் தண்ணீர் குடித்த உடம்பில் எலும்பிலேயே இறுக்கம் இருக்கலாம். பக்கவாதத்தின் இறுக்கம் என்று நினைத்து இழுத்தால் வலிதான் மிஞ்சும்.

இன்னும் இரண்டு விஷயங்கள், இவற்றுக்குச் செலவே இல்லை. அம்மா அவரைத் தூக்கும்போது விழுந்த கையைப் பிடித்து இழுக்கிறாரா என்று பாருங்கள். தசை பிடிமானம் இல்லாத தோள்மூட்டு இறங்கிவிடும், பிறகு அந்த வலியால் அவர் பயிற்சிக்கே வர மாட்டார். இடுப்பைச் சுற்றி ஒரு தடித்த துண்டைக் கட்டி அதைப் பிடித்துத் தூக்க வேண்டும். அடுத்தது சாப்பாடு. களி உருண்டையைக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்குவதுதான் நம் பழக்கம், தெரியும். விழுங்குவதில் தடுமாற்றம் உள்ளவருக்கு அந்த உருண்டை ஆபத்து. நீர்த்த மோரும் ஆபத்து, அது மூச்சுக் குழாய்க்குள் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அதே கேழ்வரகைக் கெட்டிக் கூழாக்கி, நன்றாக நிமிர்த்தி உட்கார வைத்து, சிறிய கரண்டியில் கொடுங்கள். கொடுத்த பிறகு அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். இருமல் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் அழைத்துப் போய், உணவு கொடுக்க மூக்குக் குழாய் தேவையா என்று கேளுங்கள்.

இப்போது வீட்டில் வைத்துப் பார்க்கும் கணக்கு. பன்னிரண்டு மணி நேர ஆளுக்கு நம் பக்கத்தில் 600 முதல் 900 ரூபாய் வரை கேட்கிறார்கள். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர், ஆளுக்கு 700 என்றால் மாதம் 42,000. அதனால்தான் எல்லோரும் வீட்டோடு தங்கும் ஆளைத் தேடுகிறார்கள். 18,000 முதல் 25,000 வரை, சாப்பாடு தனி. இதில் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. ஏஜென்சிக்காரர் 24 மணி நேர ஆள் என்பார். 24 மணி நேரமும் விழித்திருக்கும் மனிதர் இந்த உலகத்தில் இல்லை. பகலெல்லாம் துணி மாற்றி, துடைத்து, ஊட்டிய பெண் இரவில் தூங்கத்தான் செய்வாள், தூங்கவும் வேண்டும். பத்தாவது நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டாள் என்று குடும்பங்கள் என்னிடம் குறைபட்டுக்கொள்ளும்போது, எந்த இரவிலாவது அவளைத் தூங்க விட்டீர்களா என்றுதான் கேட்பேன். உங்கள் நிலைக்கு நான் சொல்வது வேறு: பகலுக்கு அம்மாவும் கிராமத்துப் பெண் ஒருவரும் போதும், நல்ல சம்பளம் கொடுத்து இரவுக்கு ஆள் வையுங்கள். அம்மா ஏழு மணி நேரம் தொடர்ந்து தூங்கினால் பகலை அவர் சமாளித்துவிடுவார். தூங்காவிட்டால் ஆறு மாதத்தில் உங்களுக்கு இரண்டு நோயாளிகள்.

யார் வந்தாலும் ஒன்றைத் தெளிவாகக் கேளுங்கள்: நீங்கள் படித்த நர்ஸா, உதவியாளரா. மூக்குக் குழாய் போடுவது, சிறுநீர்க் குழாய் மாற்றுவது, ஊசி போடுவது எல்லாம் படித்தவர் வேலை. மூன்று மாத வகுப்புப் போன பெண்ணுக்கும் நர்ஸ் சம்பளம் வாங்குவார்கள். அப்பாவுக்குக் குழாய் எதுவும் இல்லை என்றால் உங்களுக்கு நர்ஸே தேவையில்லை, பொறுமையான உதவியாளர் போதும். ஆதார் நகல், ஊர் விலாசம், வீட்டில் இன்னொருவர் தொலைபேசி எண் ஆகியவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பளத்தோடு செலவு முடிவதில்லை. டயப்பர் ஒன்று 40 ரூபாய், நாளைக்கு நான்கு என்றால் 160, மாதம் 4,800. பகலில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை யூரின் கேன் வைத்துப் பழக்கினால் டயப்பர் இரவுக்கு மட்டும் போதும், 1,200இல் முடியும், தோலும் புண்ணாகாது. காற்றடைத்த படுக்கை ஒரு முறைச் செலவு, சில ஆயிரத்தில் கிடைக்கும். இதை வாங்கியே ஆக வேண்டும். அதை வாங்கியதால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

முதியோர் இல்லங்களுக்கு வருகிறேன். பெரும்பாலான இல்லங்கள் நடமாடும் முதியவருக்காகவே நடக்கின்றன. மாதம் 8,000 முதல் 15,000 வரை. படுக்கையில் இருப்பவரைச் சேர்ப்பவை குறைவு, 18,000இலிருந்து 30,000 வரை கேட்கிறார்கள். மருந்து, டயப்பர், ஆஸ்பத்திரிச் செலவு இதில் சேராது. திருப்பித் தரும் முன்பணமா, தராததா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஜி.எஸ்.டி. தனி என்று சொன்னால், வருமான வரித் துறையில் பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில் 60 வயது கடந்தவருக்கு மாதம் 25,000 ரூபாய் வரையான கட்டணத்துக்கு வரிவிலக்கு இருக்கிறதே என்று கேளுங்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிவு பெற்ற இல்லமா என்பதைச் சான்றிதழைப் பார்த்தே நம்புங்கள், சுவரில் மாட்டியிருக்கும் பொன்னாடைப் படங்களைப் பார்த்து அல்ல.

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன், எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஓர் இல்லத்திலிருந்து பெரியவர் ஒருவரை எங்கள் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். இடுப்புக்குக் கீழே புண், உள்ளே எலும்பு தெரிந்தது. கூடவே ஒரு நோட்டும் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைத்ததாக ஒவ்வொரு கட்டத்திலும் குறித்திருந்தார்கள். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. பக்கத்தைத் திருப்பினேன். பிப்ரவரி 30ஆம் தேதியும் அவரை ஒழுங்காகத் திருப்பிப் படுக்க வைத்திருந்தார்கள்! ஒரே உட்காரலில் ஒரு மாதத்து நோட்டை எழுதி முடித்த கை, காலண்டரைப் பார்க்க மறந்துவிட்டது. அன்றிலிருந்து நான் எந்த இல்லத்தின் நோட்டையும் பார்ப்பதில்லை. போர்வையை விலக்கி, படுத்திருப்பவரின் குதிகாலையும் வால் எலும்புப் பகுதியையும் பார்க்கிறேன். அங்கே சிவப்பு இருந்து, விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லை என்றால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள்.

நீங்கள் பார்க்கப் போகும்போது சொல்லிவிட்டுப் போகாதீர்கள். காலை பதினொரு மணிக்கு எல்லா இல்லமும் பளிச்சென்று இருக்கும். மாலை ஆறரைக்குப் போங்கள். பகல் ஆள் கிளம்பி இரவு ஆள் வரும் நேரம். எத்தனை பேர் படுத்திருக்கிறார்கள், இரவுக்கு எத்தனை பேர் என்று எண்ணுங்கள். இருபது பேருக்கு ஒருவர் என்றால் அது இரவுக் காவல். மூத்திர வாடை ஓரளவு இருந்தால் நான் பொருட்படுத்த மாட்டேன், வயதானவர்கள் இருக்கும் இடம் அப்படித்தான். பினாயில் வாடை கண்ணைக் கரிக்கும் இடத்தில்தான் எனக்குச் சந்தேகம் வரும். தண்ணீர்ச் செம்பு படுத்திருப்பவரின் கைக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள். உங்கள் அப்பாவுக்கு அது இடது பக்கம் இருக்க வேண்டும்.

பெங்களூரில் வசதியான இடங்கள் இருக்கின்றன. படுக்கையில் இருப்பவருக்கு 35,000க்குக் குறைத்து யாரும் என்னிடம் சொன்னதில்லை, 60,000 தாண்டியதும் உண்டு. மறதி நோய் முற்றி, இரவில் எழுந்து தெருவுக்கு ஓடுபவராக இருந்தால் அந்தச் செலவுக்கு நானே சரி சொல்வேன். உங்கள் அப்பாவுக்கு அது தேவையில்லை. அவர் பேச்சு இப்போதே குழறுகிறது என்கிறீர்கள். கன்னடமும் இந்தியும் பேசும் உதவியாளரிடம் முதுகு அரிக்கிறது என்று எப்படிச் சொல்வார்? ஓசூர் அப்படியல்ல. நீங்கள் அங்கேயே இருப்பதால், ஷிப்டு முடிந்து நினைத்த நேரத்தில் எட்டிப் பார்க்கலாம். அடிக்கடி ஆள் வந்து பார்க்கும் முதியவருக்குத்தான் எந்த இல்லத்திலும் கவனிப்பு அதிகம். இல்லத்தில்தான் வைப்பது என்று முடிவானால், தர்மபுரியைவிட உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓசூர் இல்லம் மேல், கொஞ்சம் கூடுதலாக ஆனாலும்.

அரசிடமிருந்து என்ன கிடைக்கும் என்றும் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவருவார்கள். வீட்டுக்கு வந்து இயன்முறைப் பயிற்சி, படுக்கையில் இருப்பவருக்கான ஆதரவுச் சிகிச்சை ஆகியவையும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் அப்பா பெயரைப் பதியச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. பயிற்சிக்குத் தினமும் வர மாட்டார்கள், அதனால் அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு. 70 வயது கடந்த எல்லோருக்கும் வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று மத்திய அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய காப்பீடு தனி. எந்த மருத்துவமனை எதை ஏற்கிறது என்று சேர்க்கும் முன்பே அங்குள்ள காப்பீட்டு கவுண்ட்டரில் கேளுங்கள். இரண்டும், தனியார் மெடிக்ளைம் பாலிசியும், மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். உதவியாளர் சம்பளத்துக்கோ இல்லக் கட்டணத்துக்கோ ஒரு பைசா வராது. ஊனம் நிலைத்துவிட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்; பாதிப்பு 75 விழுக்காட்டுக்கு மேல் என்று சான்று கிடைத்தால் மாநில அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்குக் கேட்கலாம். டயப்பருக்காவது ஆகும்.

நிலம் எழுதிக் கேட்கும் இல்லத்துக்கு என் பதில் ஒரே சொல்: வேண்டாம். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு இருக்கிறது. பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்க்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நிபந்தனையோடுதான் எழுதிக் கொடுத்தது என்பதை நிரூபிக்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் இறுக்கமாகச் சொன்னது, 2025இல் முதியவர் பக்கம் சற்றுத் தாராளமாகப் பார்த்தது. இந்த இழுபறிக்கு நடுவே படுக்கையில் இருக்கும் மனிதர், அந்தத் தீர்ப்பாயம் நடக்கும் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைய முடியுமா? உறவினர்கள் சொல்வதைக் கேட்டு உங்கள் இருவர் பெயருக்கு மாற்றுவதாக இருந்தாலும் இப்போது வேண்டாம்; அம்மா இருக்கிறார், அவருக்கும் நாளை இதே செலவு வரும். தம்பி பங்கு தர மறுத்தால் அதே சட்டத்தில் அப்பா மனுப் போடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அதிகபட்சம் மாதம் 10,000 ரூபாய்தான் கிடைக்கும். அதற்கு முன், இரவு ஆளின் சம்பளம் தம்பி பொறுப்பு என்று பேசிப் பாருங்கள். மொத்தத் தொகையில் பாதி கேட்டால் தயங்குபவர்கள், ஒரு குறிப்பிட்ட செலவைச் சொன்னால் ஒத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

எனவே உங்கள் இடத்தில் நான் இருந்தால் அடுத்த நான்கு மாதம் வீட்டிலேயே வைப்பேன்: இரவு ஆளுக்கு 700 என்று மாதம் 21,000, ஃபிசியோ 10,400, பகல் துணைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஐந்தாறாயிரம், டயப்பர் 1,200. நாற்பதாயிரத்துக்குள் அடங்கும். நான்கு மாதம் கழித்து அப்பா பிடித்துக்கொண்டு நிற்கிறாரா என்பதைப் பார்த்துவிட்டு இல்லமா வீடா என்று முடிவு செய்வேன். அடுத்த வார விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அம்மாவை அத்தை வீட்டில் தூங்க அனுப்பிவிட்டு, ஓர் இரவு நீங்களே அப்பா பக்கத்தில் இருந்து, எத்தனை மணிக்கு எதற்குக் கூப்பிட்டார் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். ஏஜென்சியிடம் பேசவும் தம்பியிடம் பேசவும் அந்தத் தாள் உதவும். அவர் இன்னும் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறார் என்றால் அதை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். நடுவில் குழியும் கட்டிலில் எந்த ஆளாலும் அவரைத் திருப்ப முடியாது. பலகைக் கட்டில், அவர் உட்கார்ந்தால் பாதம் தரையில் பதியும் உயரம், இடது பக்கம் சுவரை ஒட்டாமல்.